ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு கரடி

லிஃப்ட் மெக்கானிக் கரடியோடு பேசுகிறாராம். காவலாளி சொன்னதாகக் கூட்டிப் பெருக்குகிற அக்கா சொல்ல, அது மூன்றாம் மாடிப் பல் டாக்டர் வரைக்கும் போய்விட்டது. “தனியா இருந்து இருந்து மறை கழண்டுருச்சு போல,” என்று முடிவும் கட்டியாயிற்று.

பேசினது உண்மைதான்.

மனைவியும் எட்டு வயது மகளும் கடல் தாண்டி இருந்தார்கள். இவர் இங்கே வந்து மூன்று வருஷம். சனிக்கிழமை மதியம் போன். “சாப்டியா?” “சாப்டேன்.” “படிச்சியா?” “படிச்சேன்.” அதற்குமேல் பேச்சு நொண்டியடிக்கும். ஒருநாள் அடுத்து என்ன பேசுவதென்று தெரியாமல், “இன்னிக்கு ஒரு லிஃப்ட் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல நின்னுருச்சு,” என்றார்.

“உள்ள யாருப்பா?”

“நீயே சொல்லேன்.”

“கரடி.”

கதை அன்றைக்குத் தொடங்கியது. ஆளுக்கு ஒரு வரி. சட்டம் போட்டது மகள்: ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் இல்லை என்று சொல்லக் கூடாது. பதினோரு வாரத்தில் லிஃப்டுக்குள் ஒரு தையல்காரரும் ஏறிவிட்டார். கரடிக்குச் சட்டை அளவெடுக்க நாடா எட்டவில்லை. மகள் மூச்சு விடாமல் சொல்லுவாள். இவர் “அப்புறம்?” போட்டால் போதும். அவள் விட்ட இடத்தை நினைத்துக்கொண்டே இவருக்கு ஆறு நாள் ஓடிவிடும்.

போன சனிக்கிழமை நிஜமாகவே ஒரு பெரியவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். கதவை நெம்பி அவரை இறக்கிவிட்டு, கை எண்ணெயைத் துடைத்தும் துடைக்காமலும் போனைப் போட்டார் மெக்கானிக்.

“கரடி லிஃப்ட்லயே வீடு கட்டப் போகுது. இப்ப நீங்க,” என்றாள் மகள்.

இருபது வருஷத் தொழில் முந்திக்கொண்டது. “மெக்கானிக் வந்தாரு. பத்தே நிமிஷத்துல சரி பண்ணாரு. எல்லாரும் பத்திரமா வீட்டுக்குப் போய்ட்டாங்க.”

“கரடியுமா?”

“கரடியும்தான்.”

“அப்ப முடிஞ்சு போச்சுப்பா.” அழவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

“என்னங்க சொன்னீங்க? மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டுப் போறா,” என்றாள் மனைவி.

“லிஃப்டச் சரி பண்ணேன்.”

“அத அங்க பண்ணுங்க. இங்க எதுக்கு?”

சொன்னதை இல்லை என்று சொல்ல வழியில்லை; சட்டம் அப்படி. கரடி வீட்டுக்குப் போனதைப் பொய்யாக்காமல் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வாரம் முழுக்க அந்த ஒரு வரியைத் தேடினார். லிஃப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கி எண்ணெய் போடும்போது, “வா கரடி, எதையாவது மறந்துட்டுப் போயிருப்பியே, யோசி,” என்று கேட்டுப் பார்த்தார். அந்தப் பள்ளத்தில் முணுமுணுத்தாலும் மேலே எதிரொலிக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. நினைப்பு அங்கே இல்லை. காவலாளி காதில் விழுந்தது அதுதான்.

வெள்ளிக்கிழமை வரி கிடைத்தது. கரடி தன் குடையை லிஃப்டிலேயே விட்டுவிட்டது. எடுக்கத் திரும்பி வந்து உள்ளே நுழைகிறது, கதவு மூடிக்கொள்கிறது. அதற்குமேல் ஒரு சொல்கூட இவர் சேர்க்கப் போவதில்லை. மிச்சம் அவளுடையது.

சனிக்கிழமை மதியம் மொட்டைமாடி மோட்டார் அறையில், கருவிப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். எண்ணை அழுத்தினார். மறுமுனையில் மணி போயிற்று. கீழே யாரோ பொத்தானை அமுக்க, பக்கத்தில் பெரிய சக்கரம் சுழன்று, ஏதோ ஒரு மாடியில் ஆளை இறக்கிவிட்டு நின்றது. அறை மறுபடி அமைதியானது.

மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டார். குடை நாக்கு நுனியில் இருந்தது. மணி இன்னும் போய்க்கொண்டிருந்தது.