பெட்டியின் மேல் ஒரு மாம்பழம்

திருப்பதியில் என் கடைக்கு முதல் தடவை வருகிறவர்கள் சுவரைப் பார்த்ததும் கொஞ்சம் குழம்பிப் போவார்கள். மற்ற கடைகளில் ஏழுமலையான் படம் இருக்கும் இடத்தில் நான் ஓர் எடைச் சீட்டைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலத் தாள், ஊசியால் குத்தி அச்சடிக்கும் பழைய பிரிண்டரில் அடித்தது. வண்டி எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘மெக்கானிக்’ என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். சரக்கு என்ற இடம் காலி. எடை, எண்பது கிலோ. அந்த மெக்கானிக் நான்தான். அன்றைக்கு என் உண்மையான எடை எழுபத்து நாலு. மிச்சம் தோளில் தொங்கிய டூல் பையுடையது. லாரி நிறுக்கும் மேடைக்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும் என்பதால் கணக்கு எண்பதில் போய் நின்றது.

அந்த மேடை புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் எடைமேடையைக் காட்டா என்போம். அதை நடத்தியவரைச் சின்னவர் பெரியவர் எல்லோரும் காட்டா அக்கா என்றே கூப்பிட்டார்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வீட்டுக்காரருக்குச் சென்னையில் வேலை. மாமியார் வழியில் வந்த ரோட்டோர நிலத்தில் வீடு கட்டாமல் காட்டா போட்டதற்காகச் சொந்தக்காரர்கள் அவரை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. கல்நார் கூரை போட்ட ஒரே அறை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மேடை. மேசை மேல் கம்ப்யூட்டர். அது நான் பூட்டிக் கொடுத்தது.

பூட்டிக் கொடுத்தது என்றால் எந்தக் கம்பெனி பெயரும் இல்லாத பெட்டி. கேபினெட் ஓரிடத்தில், மதர்போர்டு இன்னோரிடத்தில் என்று அலைந்து வாங்கிச் சேர்த்தேன். கல்நார்ச் சூட்டில் அந்த அறை கொதிக்கும் என்று தெரியும். அதனால் கேபினெட்டின் தலையில் டிரில் வைத்து நாலு வரிசை துளை போட்டேன், சூடு மேலே போகட்டும் என்று. கடை திறந்த புதிது. அந்தத் துளைகளைப் பார்த்து நானே என்னை மெச்சிக்கொண்டேன். உள்ளே ஏற்றிய சிஸ்டம், பச்சை மேடும் நீல வானமும் திரையில் வருமே, அது. சில வருடங்களில் அதைத் தயாரித்த கம்பெனியே இனி இதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அறிவித்துவிட்டது. எடை போடும் புரோகிராமை எழுதிக் கொடுத்தவர்களும் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பெட்டி மட்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காட்டாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. சீசனின் முதல் டிராக்டர் ஏறியதும், அந்த லோடிலிருந்து ஒரு தோத்தாபுரி மாங்காயை எடுத்துக் குங்குமம் வைத்து, கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் வைத்துவிடுவார்கள். சீசன் முடிகிற வரை அதை யாரும் எடுக்கக் கூடாது. எடுத்துத் தரையில் வைத்தால் சீசன் இறங்கிவிட்டதாக அர்த்தம். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று அக்காவுக்கே தெரியாது. ஆனால் சத்தியவேடு பக்கத்திலிருந்து வரும் விவசாயிகள்கூட ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, பழம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டுதான் வண்டியை மேடையில் ஏற்றுவார்கள்.

ஏன் அங்கே வந்து எடை போட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். காட்டாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலை. அதற்குள்ளேயே அவர்களுக்குச் சொந்த எடைமேடை உண்டு. ஆனால் “கேட்டுக்குள்ள போனா மாங்கா எளச்சிப் போவுது” என்று விவசாயிகள் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்புதான், ஆனால் வயிற்றெரிச்சலோடு. அதனால் முதலில் அக்காவிடம் எடை போட்டு, அச்சடித்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போவார்கள். அந்தச் சீட்டு இருந்தால் உள்ளே வாயைத் திறக்க முடியும். இல்லையென்றால் அவர்கள் சொன்னதுதான் எடை.

அந்த வருடம் சீசன் நடுவில் பெட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஐந்து நிமிடம் ஓடும், நீலத் திரையில் வெள்ளை எழுத்து வரும், தானே அணைந்து மறுபடி கிளம்பும். நான் முதல் தடவை போய் வைரஸ் என்றேன். இரண்டாம் தடவை எடைப் பதிவுகளைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு சிஸ்டத்தையே அழித்து மறுபடி ஏற்றினேன். மூன்றாம் தடவை, கைவிடப்பட்ட சிஸ்டம் இப்படித்தான் செய்யும், புதுசு வாங்குங்கள் என்று பெரிய டாக்டர் மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். மூன்று தடவையும் நான் பெட்டியைத் திறக்கவே இல்லை. திறக்க வேண்டும் என்றால் அதைப் படுக்க வைக்க வேண்டும். படுக்க வைக்க வேண்டும் என்றால் பழத்தை எடுக்க வேண்டும். நானும் நகரிப் பக்கத்து மாந்தோப்புக்காரன் பிள்ளைதானே, கை வரவில்லை. இதை வெளியில் சொல்லவும் வெட்கமாக இருந்தது, அதனால் பழியைத் தூக்கிச் சிஸ்டத்தின் மேல் போட்டேன்.

தொழிற்சாலை சூப்பர்வைசருக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. புதுக் கம்ப்யூட்டரை நாங்களே இலவசமாகத் தருகிறோம், எங்கள் சிஸ்டத்தோடு நெட்டில் இணைத்துவிடலாம், எடை நேராக எங்களுக்கே வந்துவிடும், சீட்டுக்கூட வேண்டாம் என்று வந்து சொன்னார். அக்கா அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நிறுக்கறவ கையி, வாங்கறவன் சட்டப்பையில இருக்கக் கூடாது சார்” என்றார். சூப்பர்வைசர் மோரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

இரண்டு நாள் கழித்துப் பெட்டி அடியோடு படுத்துவிட்டது. காலையிலேயே போன் வந்தது. என் பேச்சை நானே நம்பி, ஒரு புதுக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். மேடைக்கு முன்னால் பதினோரு டிராக்டர் நின்றன. அக்கா மேடையின் மீட்டரில் தெரிந்த எண்ணைப் பார்த்துக் கையால் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்; தொழிற்சாலையில் “செல்லது” என்று ஒரே தெலுங்கு வார்த்தையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாலை ஐந்து மணிக்குள் அச்சடித்த சீட்டு வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் மேடையின் எடைதான், அதுவும் இந்த சீசன் முழுக்க. ஜூன் வெயிலில் மாங்காய் காத்திருக்காது. விவசாயிகள் கோணியை நனைத்து லோடின் மேல் போர்த்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள்.

புதுக் கம்ப்யூட்டர் என் மானத்தை வாங்கியது. மேடையிலிருந்து வரும் ஒன்பது ஊசிக் கேபிளைச் செருக அதில் இடமே இல்லை. கொண்டுபோன மாற்று வயரை மாட்டினால், மீட்டரில் எடை ஒழுங்காகத் தெரிகிறது, திரையில் வெறும் கேள்விக்குறிகளாக வரிசை கட்டுகிறது. பழைய எடை புரோகிராம் உள்ளே ஏறவே மறுத்தது. பகல் ஒரு மணி வரை முட்டி மோதிவிட்டு, “அக்கா, பழைய பெட்டியத் தெறந்துதான் பாக்கணும்” என்றேன். என் கண் பழத்தின் மேல் இருந்ததை அவர் கவனித்துவிட்டார்.

“மூணு தபா வந்தியே, அப்போலாம் தெறக்கலியா?”

“பழம் இருந்திச்சே அக்கா.”

அவர் திட்டவில்லை. என்னையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம். ஜன்னலில் நின்ற ஒரு விவசாயி, “சீசன் நடுவுல எடுக்காதம்மா, ஆவாது” என்றார். அக்கா எழுந்தார். “எறக்கி வச்சாத்தான நைனா சீசன் எறங்கும்? நீ கையில புட்ச்சிக்கினு நில்லு” என்று பழத்தை எடுத்து ஜன்னல் கம்பி வழியே அவர் கையில் வைத்தார். எடுக்கும்போது அது பெட்டியோடு ஒட்டிக்கொண்டு சத்தத்தோடு பிய்ந்து வந்தது. மேலே பொன் நிறம், அடியில் பாதி கறுத்துக் கரைந்திருந்தது. அந்த மனுஷன் அன்று சாயங்காலம் வரை, சாறு முழங்கை வரை ஒழுக, அதைக் கீழே வைக்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

பெட்டியைத் திறந்ததும் எனக்கு விஷயம் புரிந்துபோயிற்று. பெட்டியின் சூட்டில் மாங்காய் பழுத்து, அழுகி, நான் பெருமையாகப் போட்ட துளைகள் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. மெமரி கார்டும் அதைச் செருகும் பள்ளமும் வெல்லப்பாகு ஊற்றின மாதிரி. அதன் மேல் சிவப்பு எறும்பு ஊர்வலம். சிஸ்டத்துக்கு ஒரு கேடும் இல்லை. அதை அவர்கள் கைவிட்டது உண்மை, ஆனால் அது யாரையும் கைவிடவில்லை. கெடுத்தது என் துளையும் எங்கள் பழமும், அதைவிட அதிகமாக, திறந்து பார்க்காமலே தீர்ப்புச் சொன்ன என் வாயும். இதை எல்லோர் முன்னிலும் அக்காவிடம் சொன்னேன். “அப்பறம் சொல்லு. இப்போ தொடச்சி முடி” என்றார்.

மெடிக்கலில் ஸ்பிரிட் வாங்கி வந்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். மெமரி கார்டின் பொன்நிறப் பற்களை, அக்கா மேசையில் கிடந்த பென்சில் ரப்பரால் அழுத்தித் துடைத்தேன். முதல் பள்ளம் அரித்துப் போயிருந்தது; கார்டை இரண்டாம் பள்ளத்தில் செருகினேன். போர்டை நிழலில் விசிறி முன்னால் அரை மணி நேரம் காய வைத்தேன். பிறகு பட்டனை அழுத்தினேன். ஒரே ஒரு சின்ன பீப். பச்சை மேடு வந்தது, நீல வானம் வந்தது. ஐந்து நிமிடம் தாண்டியும் நின்றது. வெளியே யாரோ விசில் அடித்தார்கள்.

“நீ போயி மேடையில ஏறு” என்றார் அக்கா. “மொதோ சீட்டு உனக்கு. தப்பா காட்னா உன்னோடவே போவட்டும்.” நான் பையோடு ஏறி நின்றேன். பிரிண்டர் கிறீச்சிட்டது. எழுபத்து நாலுதானே என்று நான் இழுத்ததற்கு, “பையி யாருது?” என்று கேட்டு, சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார்.

நாலரை மணிக்குள் பதினோரு வண்டிக்கும் சீட்டு அடித்தாயிற்று. முதல் டிராக்டர் தொழிற்சாலை வாசலுக்குப் போனது. சூப்பர்வைசர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கம்பெனியே கைவிட்ட சிஸ்டத்தில் அடித்தது, இதுவும் செல்லாது என்றார். அக்கா நடந்தே போய் வாசலில் நின்றார். “கைவுட்டது சிஸ்டத்த. நிறுக்கறது இரும்பு மேடை. கெவுருமெண்டு முத்திரை போட்ட எடக்கல்லு என்னாண்ட கீது, வந்து வச்சிப் பாரு. அப்பறம் அதே கல்ல உன் மேடையிலயும் வைக்கலாம். நானும் வரேன், இவங்கல்லாம் வருவாங்க.” குரலை உயர்த்தவே இல்லை. பின்னாலேயே பத்து டிராக்டரும் வந்து வாசலை அடைத்து நின்றன. ஓட்டுபவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நிழலில் உட்கார்ந்தார்கள். உள்ளே கொதிகலன் எரிந்துகொண்டிருந்தது, போடுவதற்குப் பழம் இல்லை. சூப்பர்வைசர் யார் யாருக்கோ போன் செய்தார். கல்லை உள்ளே கொண்டுவர மட்டும் அவர் கடைசி வரை சம்மதிக்கவில்லை. ஆறு மணிக்குக் கேட் திறந்தது. அக்காவின் சீட்டில் இருந்த எடைக்கே பதினோரு லோடும் உள்ளே போயின. அழுகின பழத்தை ஏந்தியிருந்தவருடையது கடைசி வண்டி. பழத்தை டிராக்டர் மட்கார்டின் மேல் வைத்து, ஒரு கையால் பிடித்தபடியே ஓட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் போய், துளைகளுக்கு மேல் இரண்டு விரல்கடை உயரத்தில் ஒரு தகரத் தட்டு வைத்துக் கொடுத்தேன். சூடும் போகும், பழமும் உட்காரும். பெட்டியை மாற்றச் சொல்லி அதன்பிறகு நான் வாய் திறக்கவில்லை.

இப்போது என் கடைக்கு வாரம் நாலு பேராவது நல்ல கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். திரையில் அறிவிப்பு வந்திருக்கிறது, உங்கள் பெட்டிக்கு இனி ஆதரவு கிடையாது, புதிது வாங்குங்கள் என்று. கம்ப்யூட்டரிலேயே பாங்குக் கணக்குப் பார்க்கிறவர்களிடம் மாற்றிவிடுங்கள் என்று நானே சொல்வேன்; ஆபத்தை மறைக்க மாட்டேன். மற்றவர்களிடம், எவனோ எங்கேயோ உட்கார்ந்து செத்துவிட்டது என்று சொன்னால் செத்துவிடுமா, முதலில் திறந்து பார்ப்போம் என்பேன். என் வியாபாரத்துக்கு இது நல்லதில்லை என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார். சொல்லட்டும்.

வெயில் படும் சுவரில் மாட்டியது என் தப்பு. போன சீசனில் கவனித்தேன், சீட்டில் எழுத்தே இல்லை. வெறும் வெள்ளைத் தாளைக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறேன். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு காட்டாவுக்குப் போனேன். அக்காவுக்குக் கண்ணாடி வந்திருக்கிறது, முன்முடி நரைத்திருக்கிறது. தகரத் தட்டின் மேல் அந்த சீசனின் பழம் இருந்தது. தொழிற்சாலை அதற்குள் கை மாறி, மூன்று தடவை கம்ப்யூட்டரை மாற்றி, பழைய பதிவு எதுவும் இல்லாமல் இருக்கிறதாம். வெள்ளைத் தாளை நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஒற்றை விரலால் மெக்கானிக் என்று எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினார். பெட்டி சற்று நேரம் முனகியது. பிறகு அந்த நாள், அந்த நேரம், எண்பது கிலோ எல்லாம் அப்படியே திரையில் வந்து நின்றன. பிரிண்டர் கிறீச்சிட்டது. சீட்டைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

“இதுவும் வெளுத்துப் போச்சின்னா வா. இன்னொண்ணு அட்ச்சித் தரேன்.”