கார்புரேட்டருக்குக் கொடுத்த கழிவு நூல்

எழுபதுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டையில் என் வீட்டுக்காரர் ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். திருச்சுழி, நரிக்குடி, பரளச்சி என்று கரிசல் புழுதியிலேயே கிடக்கும் வண்டி. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடும். எனக்கு மதுரையில் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. பயிற்சி முடித்து மூன்று வருஷம் காத்திருந்து வந்த முதல் கடிதம். விடியக்காலை பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன். சேலை கசங்கிவிடும், காரிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்று பிடிவாதமாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கார்புரேட்டரைக் கழற்றி வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். என் சாப்பாட்டுத் தட்டில் பெட்ரோல். "அடுப்பு எரியுதே, கண்ணு தெரியலியா?" என்று கத்திவிட்டு, அதை அணைத்ததும் நான்தான். கார்புரேட்டர் குழாயின் நடுவே ஒரு வட்டமான பித்தளைத் தகடு. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறக்கும், விட்டால் மூடும். அதன் விளிம்பெல்லாம் தார் மாதிரி அழுக்கு. ஜெட் என்கிற குட்டித் திருகில் ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை. பெட்ரோல் அது வழியாகத்தான் வரவேண்டுமாம். துடைப்பதற்குப் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துத் தரச் சொன்னார்.

எங்களுடையது நெசவுக்காரக் குடும்பம், வீட்டில் பேச்சு கன்னடம். கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வாயில் வரும்.

"நெசவுக்காரன் வீட்ல உக்காந்துக்கிட்டுத் துணியக் கிழிக்கச் சொல்றீகளே, நல்லா இருக்கா? தறிக்கிட்ட கூடை நெறையக் கழிவு நூலு கெடக்கு. அத வச்சுத் தொடைங்க."

பிசிறு ஒட்டும் என்றார். "ஒட்டுனா ஊதுங்க" என்று ஒரு பிடி பச்சை நூலை அள்ளி அவர் மடியில் போட்டேன். எங்கள் தெருவில் கழிவு நூலால் துடைக்காத சாமான் கிடையாது. சைக்கிள் செயினிலிருந்து பிள்ளைகள் மூக்கு வரைக்கும் அதுதான். அவர் துடைத்தார், ஊதினார், மாட்டினார். சாயந்திரம் இன்ஜின் நன்றாகவே ஓடியது.

மறுநாள் காரியாபட்டி தாண்டியதும் வண்டி நின்றது. அப்போது மணி எட்டு. அவர் பானட்டைத் திறந்து குனிந்திருக்க, நான் தமிழில் ஆரம்பித்துவிட்டேன். பின்னாலேயே மதுரை பஸ் வந்தது. கைகாட்டி நிறுத்தி, என்னை ஏறிப் போகச் சொன்னார்.

"கார்லதான் போகணும்னு ஒத்தக்கால்ல நின்னது யாரு? கார்லயே கொண்டுபோய் விடுங்க" என்றேன். கண்டக்டர் சிரித்துக்கொண்டே விசில் ஊதினார். இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பஸ் போனபிறகு ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தார். ஓட்டைக்குள் பச்சைப் பிசிறு. அவர் பார்த்தார், நானும் பார்த்தேன். ஊதி எடுத்து மாட்டினார். இன்னும் இரண்டு இடத்தில் நின்றது, ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மதுரையில் இன்டர்வியூ நடந்த ஆபீஸ் வாசலை மிதிக்கும்போது பன்னிரண்டரை. எல்லாரையும் கூப்பிட்டு முடித்தாகிவிட்டது என்றார் பியூன்.

சாயந்திரம் என் அப்பா வந்தார். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று சொந்தக்காரர்கள் கேலி பேசியபோதும் அசராமல் என்னைப் படிக்கவைத்தவர். விஷயத்தைக் கேட்டதும், மருமகன் என்றும் பார்க்காமல் கத்தினார். கோபம் வந்தால் தமிழ் பேசுவது எனக்கு அவரிடமிருந்து வந்ததுதான்.

"புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீகளே! ஒரு பஸ்ஸுகூடவா அந்தப் பக்கம் வரல?"

"வரல மாமா. கார்புரேட்டரத் தொடச்சது நான்தான். சரியாத் தொடைக்கல" என்றார் அவர்.

அப்படியா என்பதுபோல் அப்பா என் பக்கம் திரும்பினார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.