மிஞ்சும் சோறு

சிம்மக்கல் மண்டபத்தின் பின்கட்டில் மிஞ்சிய சோற்றைக் குப்பையில் அண்டா அண்டாவாகக் கவிழ்க்கிறார்கள். அந்தச் சூட்டு வாடை என்னை முப்பத்தைந்து வருடம் பின்னே, அக்காவின் கல்யாணப் பந்திக்குத் தள்ளுகிறது.

அன்று சமைத்தவர் அப்பாவின் சித்தப்பா. இரண்டாம் உலகப்போரில், பர்மாக் காடுகளில் ஜப்பானியரை எதிர்த்து முன்னேறிய நேசநாட்டுப் படைக்குச் சோறு வடித்தவர். விசேஷ வீடுகளில் சொன்ன அளவுக்குக் கொஞ்சம் குறைத்தே உலை வைப்பார். அன்று மிகவும் குறைத்துவிட்டார். இரண்டாம் பந்தியிலேயே சோறு தீர்ந்தது.

"பொண்ணு குடுக்குறீகளா, பட்டினி போடுறீகளா?" என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்தார்கள்.

"முந்நூறு பேருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சித்தப்பா!" அப்பா கத்தினார்.

"பர்மாவுல காலையில நூறு பேருக்கு வடிப்பேன்டா. சாயங்காலம் முப்பது பேரு திரும்புவான். 'நாலு மைலு முன்னேறிட்டோம்'னு ஆபீசரு சிரிப்பான். மிச்சச் சோத்தக் குழிவெட்டிப் பொதைச்சது நானு. சொன்ன அம்புட்டுப் பேரும் உசுரோட சாப்புட வருவாகன்னு எனக்கு நம்பிக்கையே வரலடா."

அதன்பின் அவரை யாரும் உலை வைக்க அழைக்கவில்லை. 'பட்டினிக் கல்யாணம்' என்று மாமியார் சாகும்வரை அக்காவைக் குத்தினாள்.

இன்று அக்காவின் கடைசி மகளுக்குக் கல்யாணம். முந்நூறு பேருக்கு, அறுநூறு பேர் சோறு வடிக்கச் சொன்னது அக்காதான். அது குப்பையில் குவிவதை இடுப்பில் கைவைத்து, நிம்மதியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.