இருக்கிறது என்றது கம்ப்யூட்டர்

போன வாரம் தேர்வாய் கண்டிகையில் அசந்துபோய் நின்றேன். கம்ப்யூட்டரைப் பார்த்து அல்ல... ஒரு கேள்வியைக் கேட்டு!

அங்கே கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு நான்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். பாகங்களைப் போட்டோ எடுத்தால், அதைச் சிறியதாக்கித் தரச் சான்றிதழில் ஒட்டித் தரும். போட்டோவைச் சிறியதாக்கும் வேலையை என் புரோகிராம் செய்யாது. ‘கன்வர்ட்’ என்ற வெளி புரோகிராமைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லும். அது கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளும். கெட்டிக்காரன் இல்லையா நான்?

என் லினக்ஸ் லேப்டாப்பில் எல்லாம் சரியாக வந்தது. தொழிற்சாலையின் விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டால், போட்டோ வரவேண்டிய இடமெல்லாம் வெள்ளைக் கட்டம்!

வாசலில் லாரி நிற்கிறது. போட்டோ இல்லாத சான்றிதழோடு போனால் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். சான்றிதழின் கீழே கையெழுத்துப் போடவேண்டியவர் கௌரி. பழவேற்காட்டுப் பக்கம் மீனவக் குடும்பம். எட்டு வருடமாக இங்கே தரப் பரிசோதகர்.

“கேமராலதான் ஏதோ கோளாறு மேடம். பாருங்க, கன்வர்ட் இருக்குன்னு பச்சை டிக் வருது” என்றேன்.

கௌரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்குதுன்னு சொல்லிக்கினு இருக்குது, சரி சார். அது இன்னா வேல செய்யும்னு அத்தயே கேட்டீங்களா?”

சிரிப்புதான் வந்தது. பெயர் இருந்தால் போதாதா? அவருக்காகத்தான் அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து, “நீ யார், என்ன செய்வாய்?” என்று கேட்கும் கட்டளையைத் தட்டினேன்.

பதில் வந்தது. போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

“இன்னா சார், டிஸ்க்கப் பத்திப் பேசுது?”

திரையை இன்னொரு முறை படித்தேன். விண்டோஸில் அதே பெயரில் வேறொரு புரோகிராம் உண்டு. டிஸ்க்கின் அமைப்பை மாற்றுவது அதன் வேலை. அதைப் போய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்... நான் கொடுத்த கட்டளை அதற்குப் புரியாததால் தப்பித்தோம்.

சரியான புரோகிராமை நிறுவினேன். சோதனையையும் மாற்றி எழுதினேன். லினக்ஸோ, விண்டோஸோ, மேக்கோ — எதுவானாலும் இனி பெயரை மட்டும் தேடாது. யார் என்று விசாரிக்கும். ஒரு குட்டிப் படத்தைக் கொடுத்துச் சிறியதாக்கிக் காட்டச் சொல்லும். அதன் பிறகுதான் பச்சை டிக்.

மேனேஜரின் மேக் கம்ப்யூட்டரிலும் ஓட்டிப் பார்த்தோம். அங்கே அந்த புரோகிராமே இல்லை. ‘இல்லை’ என்று உடனே சொல்லிவிட்டது. அதையும் நிறுவினேன்.

சான்றிதழ்கள் போட்டோவோடு வந்தன. கௌரி ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். லாரி கிளம்பியது.

“எப்படி மேடம் தோணுச்சு?” என்றேன்.

“டப்பா மேல பேரு இருக்குதுன்னு நாங்க பாஸ் போட மாட்டோம் சார். எடுத்து அளந்து பாப்போம். அவ்ளோதான்.”

அவ்வளவுதானா? இருபது வருடமாக இதே வேலை செய்கிற எனக்கு ஏன் தோன்றவில்லை?

என் புரோகிராமில் அந்தச் சோதனைக்கு ‘கௌரி’ என்றே பெயர் வைத்துவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை... சொன்னால், சரியாக வேலை செய்கிறதா என்று முதலில் சோதித்துப் பார்ப்பார்!