சிம்பிளாக ஒரு கலியாணம்

2024 மே 15, புதன்கிழமை. விடிய எழும்பி, மோட்டர் போட்டுத் தாங்கியில் தண்ணீர் நிரப்பினேன். செவ்வரத்தம்பூப் பறித்துச் சாமிப்படத்துக்கு வைத்தேன். தேநீரைக் குடித்தபடி முதல்நாள் செய்ததை நாட்குறிப்பில் எழுதினேன். மகளின் கலியாண அழைப்பிதழைக் கைபேசியில் படமாக்கி, உறவினர் எல்லோருக்கும் ஒரே தடவையில் அனுப்பியிருந்தேன்.

கலியாணத்தைச் சிம்பிளாகச் செய்வதென்று இரு வீட்டாரும் முடிவெடுத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டாரின் சிம்பிளில் பெரிய மண்டபமும் குதிரை வண்டியும் அடங்கின. வானத்தில் பறக்கும் கமரா இல்லாமல் சிம்பிள் எப்படி என்று மகள் கேட்டாள். அட்டை அடிப்பதில்லை, வீடுவீடாகப் போய்ச் சொல்வதில்லை என்ற என்னுடைய சிம்பிளில்தான் உண்மையிலேயே செலவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

மத்தியானம் அச்சுவேலியிலிருந்து அக்கா என் கைபேசிக்கு எடுத்தார்.

"தம்பி, படம் கிடைச்சுது. நல்ல வடிவு."

"சிம்பிளாய்ச் செய்யிறம், அக்கா."

"ஓமோம். நானும் சிம்பிளாய்ப் போனிலையே ஒரு பூவை அனுப்பிவிடுறன். தோட்டத்திலை வேலை கிடக்கு."

வைத்துவிட்டார்.

"நான் அப்பவே சொன்னனான்," என்றாள் மனைவி. "கூடப்பிறந்த அக்காவுக்கு ரெண்டு பேருமாய்ப் போய்ச் சொல்லாமல், பால்காரனுக்கு அனுப்பின மாதிரி அனுப்பினா?"

"பால்காரனுக்கு நேரிலை சொன்னனான்," என்றேன். அது உண்மை.

மகள் சிரிக்கவில்லை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போன காலத்தில் அவளை வளர்த்தவர் அக்காதான்.

"மாமி வராட்டி நான் மணவறையிலை ஏறமாட்டன், அப்பா." சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பின்னேரம் சந்தியிலுள்ள அச்சகத்துக்குப் போய், ஓர் அட்டை வேண்டும் என்றேன்.

"ஒண்டோ? பகிடி விடுறியளோ, அண்ணை? நூறுக்குக் குறைய அடிக்கேலாது."

காத்திருந்து நூறையும் வாங்கி வந்தேன். நூறு அட்டை வீட்டுக்கு வந்தால் மற்ற வீடுகளுக்கும் போகத்தான் வேண்டும். மனைவி அன்றிரவே உறைகளில் பெயர் எழுதத் தொடங்கினாள். அக்காவின் அட்டை மூலைகளுக்கு நானே மஞ்சள் பூசினேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, இருவருமாக மோட்டார் சைக்கிளில் அச்சுவேலிக்குப் போனோம். அக்கா அட்டையை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மூண்டு மூலைக்குத்தான் மஞ்சள் கிடக்கு."

உள்ளே போய் மஞ்சளைக் குழைத்துக் கொண்டுவந்து, நாலாவது மூலைக்குத் தானே பூசினார்.