ஹாஜா மாமா திருத்திய படிவம்

என் மாமனார் ஹாஜா நஜ்முதீன் தொண்ணூற்றிரண்டு வயதில் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். காரணம் ஒன்றே ஒன்றுதான். 2016 நவம்பர் தேர்தலில் ஓட்டுப் போட வேண்டும். இந்தியாவில் முதல் பொதுத்தேர்தலிலிருந்து ஒன்றைக்கூட விடாதவர். எங்களோடு இருக்க டாலஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவுக்கு வந்த இந்த ஆறு வருடமாகத்தான் கை சும்மா இருக்கிறது என்று புலம்புவார்.

படிவத்தை நிரப்பியது நான். ஐ.டி.யில் இருப்பவனுக்கு எந்தப் படிவமும் அத்துப்படி என்ற மிதப்பு. ராணுவத்தில் இருந்தீர்களா, எப்போதாவது காவலில் வைக்கப்பட்டீர்களா என்று இரண்டு கேள்விகள் வந்தன. என் மனைவி நஜீமா பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"வாப்பா கதையெல்லாம் இவங்களுக்கு எதுக்கு? ரெண்டுக்கும் நோ போட்டு சப்மிட் பண்ணுங்க."

போட்டேன். மாமா நான் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார்.

அந்தக் கதை இதுதான். கீழக்கரையிலிருந்து பதினெட்டு வயதில் போய் ராயல் இந்தியன் நேவியில் தந்திப் பிரிவில் சேர்ந்தார். நாலே வருடத்தில் பெட்டி ஆபீசர். மாலுமிகளுக்கு மேலே, அதிகாரிகளுக்குக் கீழே, இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற பதவி அது. 1946 பிப்ரவரியில் கல் கிடந்த சோற்றையும் வெள்ளை அதிகாரிகளின் வசவையும் பொறுக்க முடியாமல் பம்பாயில் மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எல்லாம் அடங்கியதும் கமாண்டர் இவரைக் கூப்பிட்டு, உன் பிரிவிலிருந்து வேலைநிறுத்தத்தில் சேர்ந்தவர்கள் பெயரை எழுதிக் கொடு என்றார். சேர்ந்தவர்கள் பதினேழு பேர். இவர் எழுதியது ஒரே ஒரு பெயர், தன் பெயர். மூன்று மாதம் காவல், பிறகு பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு. மண்ணடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்து நாற்பது வருடம் குடும்பத்தைக் காப்பாற்றினார். மற்ற பதினாறு பெயர்களை எங்களிடம்கூடச் சொன்னதில்லை, அழுத்தக்காரர்.

மே மாதம் டாலஸில் நேர்முகம். காது மந்தம் என்பதால் என்னையும் உள்ளே விட்டார்கள். மாமா வலது கையை உயர்த்தி உண்மையே சொல்வேன் என்று உறுதி எடுத்தார். அமெரிக்க வரலாற்றுக் கேள்விகளுக்குப் பட்பட்டென்று பதில் சொன்னார். ராணுவக் கேள்வி வந்ததும், படிவம் தப்பு மேடம், இரண்டுக்கும் ஆம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கமாண்டர், பட்டியல், காவல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அந்தப் பெண் அதிகாரி சிவப்புப் பேனாவால் திருத்தி, பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இன்று முடிவு சொல்ல முடியாது என்றார்.

ஃப்ரீவேயில் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

"மாமா, எழுபது வருஷத்துக்கு முந்தின மேட்டர். யாரு செக் பண்ணப் போறா? இப்ப நவம்பர் போச்சு."

"போனா போகட்டும் மாப்பிள்ளை. அன்னிக்கு அந்தக் கமாண்டர் முன்னாடியே பயப்படாம எழுதிக் குடுத்தேன். இன்னிக்கு இந்தப் பொண்ணுகிட்ட இல்லைன்னு சொல்லணுமா?"

வெட்கமாக இருந்தது. அதைவிட அவர் மேல் பெருமையாக இருந்தது. ஆனாலும் வீடு வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

ஆகஸ்டில் ஒப்புதல் கடிதம் வந்தது. செப்டம்பரில் குடியுரிமை உறுதிமொழி எடுத்த கையோடு வாக்காளர் பதிவுப் படிவத்தை வாங்கித் தானே நிரப்பினார். என்னைப் பேனாவைத் தொடவே விடவில்லை.

தேர்தலன்று, வயதானவர்கள் காரில் இருந்தபடியே ஓட்டுப் போடலாம் என்றேன். வரிசையில்தான் நிற்பேன் என்று நாற்பது நிமிடம் நின்றார். மேஜையில் இருந்த பெண் அவர் பெயரைக் கண்டுபிடித்துச் சீட்டைக் கொடுத்தாள். அடுத்து நான் டிரைவிங் லைசென்ஸை நீட்டினேன். மேலும் கீழும் தேடினாள். இல்லை. ஒன்பது வருடமாக நான் அமெரிக்கக் குடிமகன். லைசென்ஸ் எடுத்தாலே வாக்காளர் பெயரும் தானாகப் பதிவாகிவிடும் என்று நினைத்து, ஒரு தேர்தலுக்கும் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

"என்ன மாப்பிள்ளை, பேர் இல்லையா?"

"இல்ல மாமா."

மாமா போட்டிருந்த குளிர் கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "சரி, இந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு அப்படி ஓரமா நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டுப் போடப் போனார்.