சீர்த்தட்டில் ஏறிய லேப்டாப்

லேப்டாப் வாங்கப்போகிறேன், உன்னுடையது எப்படி என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போதும் முதலில் கோபம்தான் வருகிறது. மெலிசு, எடை குறைவு, விலையும் கைக்கு அடக்கம் என்று கடைக்காரர் எதையெல்லாம் பெருமையாகச் சொல்லி விற்றாரோ, அதுவே எனக்கு வினையாக வந்தது. வீட்டில் முன்பு இருந்த பழைய கம்ப்யூட்டரை நகர்த்தவே இரண்டு ஆள் வேண்டும். அதை யாரும் ஒரு தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போயிருக்க முடியாது.

நாகல் நகர் வீட்டில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துச் சேர்த்த காசில் வாங்கியது இந்த லேப்டாப். பி.காம். படித்துவிட்டு, கல்யாணத்துக்குப் பின் கணக்கு என்றாலே பால் கணக்கு மட்டும்தான் என்று ஆகிப்போனவள் நான். வீட்டிலிருந்தபடியே கணக்கு பார்க்கும் வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்து, திங்கட்கிழமை காலை ஆன்லைன் தேர்வு என்று மெயில் வந்திருந்தது. தவறவிட்டால் மறுவாய்ப்பு இல்லை என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரிடம் அதை வாசித்துக் காட்டினேன். மொபைலில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. "ம்" என்றார்.

லேப்டாப்பின் குறைகள் தெரியாமல் நான் வாங்கவில்லை. மெமரியைப் பின்னால் கூட்டிக்கொள்ள முடியாது, உள்ளேயே ஒட்டி வருகிறது. பென் டிரைவைச் செருகினால் மவுசுக்கு இடமில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் திரையில் என் முகம்தான் தெரியும். கொஞ்சம் அழுத்தித் தட்டினால் கீபோர்டு நடுவில் அமுங்கும், பெரிய கணக்கைத் திறந்தால் மடி சுடும். கேமராவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பட்டப்பகலிலும் பொழுது சாய்ந்த மாதிரிதான் காட்டும். ஆனால் சார்ஜ் நன்றாக நிற்கும். தோள்பையில் போட்டால் இருப்பதே தெரியாது. எனக்கு அது போதுமாக இருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் வத்தலக்குண்டில் என் நாத்தனார் மகளுக்குச் சடங்கு. என் வீட்டுக்காரர் தாய்மாமன் என்பதால் சீர் எங்கள் வீட்டுடையது. வேனில் போகும்போது கொஞ்சம் பயிற்சி செய்யலாம் என்று லேப்டாப்பைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

மண்டபத்து வாசலில் சீர்த்தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, பையை வேனிலேயே வைத்துவிட்டுப் பெண்ணுக்குப் பூ ஜடை வைக்க உள்ளே போனேன். வெளியே தட்டுகளை எண்ணியிருக்கிறார்கள். இரட்டைப்படையில் வந்திருக்கிறது. எங்கள் பக்கம் சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். எதிரிலேயே பழக்கடை. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி இன்னொரு தட்டு வைத்திருந்தால் தீர்ந்தது. ஆனால் தாய்மாமனுக்கு எடுப்பாக ஏதாவது வேண்டுமாம்.

மேளச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பட்டுப்புடவைத் தட்டுக்கும் வளையல் தட்டுக்கும் நடுவில் என் லேப்டாப் வந்துகொண்டிருந்தது. மூடியில் மஞ்சள் குங்குமம் வைத்து, மேலே மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவதற்குள், "தாய்மாமன் சீர், லேப்டாப் ஒண்ணு" என்று மைக்கில் சொல்லியும் விட்டார்கள். கைதட்டல் வேறு.

அவரை ஓரமாக இழுத்துப்போய்க் கேட்டேன்.

"போட்டோவுக்குத்தான் வச்சேன். செத்த நேரத்துல எடுத்துரலாம்னு பாத்தா, மைக்ல சொல்லிப்புட்டாய்ங்க. இனி எப்படி எடுக்க?"

"நாளைக்கு எனக்குப் பரீட்சைங்க."

"சபையில வச்ச சீரத் திருப்பிக் கேட்டா என் மானம் போயிரும். வேற ஒண்ணு வாங்கிக்கலாம் விடு. ஒரு மிசினுக்கா இம்புட்டு ஆங்காரம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய மானத்தை என் பைக்குள் கைவிட்டு எடுத்துத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வேனில் கிடந்த ஒரு தாம்பாளத்தை எடுப்பதுபோல எடுத்திருக்கிறார். பந்தியில் ஒரு வாய் எனக்கு இறங்கவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க அவர் முகத்தையே நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது.

"மதினி, லேப்டாப்பத் தொறந்தா என்னமோ பாஸ்வேர்டு கேக்குது. அண்ணனக் கேட்டா தெரியலங்கிறாரு. என்னன்னு சொல்லுங்க."

அண்ணனுக்கு எப்படித் தெரியும்?

"போன்ல சொன்னா வெளங்காதும்மா. காலையில நானே வாரேன்."

விடிந்ததும் பஸ் ஏறினேன். எங்கே போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை, என்னைக் கேட்காமல் எடுத்தவருக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்? செம்பட்டி தாண்டும்வரை மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். நாத்தனார் வீட்டில் சடங்குக்கு வந்த சொந்தக்காரர்கள் இன்னும் கிளம்பவில்லை. உள்ளறையில் உட்கார்ந்து, மூடியில் காய்ந்திருந்த குங்குமத்தைத் துடைத்துவிட்டுப் பாஸ்வேர்டைப் போட்டேன். மொபைலிலிருந்து நெட்டை இணைத்துத் தேர்வைத் திறந்தேன்.

அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது, கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்போம் என்பது விதி. எனக்குப் பின்னால் கதவோரத்தில் அத்தனை சொந்தமும் மதினி என்ன செய்கிறாள் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. அந்த மட்டமான கேமராவுக்கு அவர்களில் ஒருவரும் தெரியவில்லை. நடுவில் கரண்ட் போனது. வீடே உச் கொட்டியது. என் மடி சுட்டதே தவிர, லேப்டாப் அணையவில்லை.

முடித்து மூடினேன்.

"அப்படியே வச்சிட்டு வாங்க மதினி, சாப்பிடலாம்" என்றாள் நாத்தனார்.

நான் அதைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

"மதினி, அது சபையில வச்ச சீரு."

சடங்குப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "எடுத்துட்டுப் போங்கத்தை. நான் மாமாட்ட சைக்கிள்தான் கேட்டேன்" என்றாள். அவளையும் அங்கே யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"என் பொருள நான் கொண்டு போறேன்" என்று நாத்தனாரிடம் சொன்னேன். "சீர் கொறையுதுன்னா ஒங்கண்ணன இங்கயே வச்சுக்க."

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தேன். பை கனக்கவே இல்லை. கடைக்காரர் அந்த விஷயத்தில் பொய் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணுக்குச் சைக்கிள் போய்ச் சேர்ந்தது. எனக்கு வேலை கிடைத்தது. இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் என் வீட்டுக்காரர் என்னைக் காட்டி, "வீட்லயே கம்பெனி வேல பாக்குறா. நான்தான் லேப்டாப் வாங்கிக் குடுத்தேன்" என்கிறார். நான் உள்ளே இருந்தபடி கேட்டுக்கொண்டு, கீபோர்டு அமுங்க அமுங்கத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பாஸ்வேர்டு இன்றுவரை அவருக்குத் தெரியாது.